லிம்ஃபோமா: அருகிலுள்ள மருத்துவமனையா, தொலைவிலுள்ள பெரிய மையமா?

அக்காவின் தம்பி (கேள்வி)

என் அக்காவுக்கு 52 வயது. மூன்று மாதங்களுக்கு முன் கழுத்தின் இடப்பக்கம் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி வந்தது. வலிக்கவில்லை என்பதால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு இரவில் வியர்க்கத் தொடங்கியது. சாதாரண வியர்வை இல்லை. தலையணை உறையைப் பிழிந்தால் நீர் சொட்டும். ஒரே இரவில் இரண்டு முறை உறையை மாற்றுவதை நானே பார்த்தேன். எடையும் 7 கிலோ குறைந்துவிட்டது.

கட்டியை முழுவதுமாக வெட்டியெடுத்துச் சோதித்ததில் ‘டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் லிம்ஃபோமா’ என்று அறிக்கை வந்திருக்கிறது. நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோயில் வேகமாக வளரும் ஒரு வகையாம். பெட் ஸ்கேனில் கழுத்து, மார்பு, வயிறு மூன்று இடங்களிலும் நிணநீர்க் கணுக்கள் ஒளிர்கின்றன. மூன்றாம் கட்டம் என்கிறார்கள்.

வீட்டிலிருந்து இருபது நிமிடத் தொலைவில் ஒரு மருத்துவமனை இருக்கிறது. அங்கே எல்லா வகைப் புற்றுநோய்களையும் ஒரே மருத்துவர்தான் பார்க்கிறார். பொறுமையாகப் பேசுகிறார். “ஆர்-சாப் என்ற மருந்துக் கூட்டு, 21 நாளுக்கு ஒரு முறை, ஆறு சுற்று. அடுத்த வாரமே தொடங்கிவிடலாம். எங்கே போனாலும் இதே மருந்துதான்” என்றார். ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு பெரிய புற்றுநோய் மையம் இருக்கிறது. அங்கே லிம்ஃபோமாவுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. ஆனால் முதல் சந்திப்புக்கு 16 நாள் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

உறவினர்கள் எல்லோரும் பெரிய இடத்துக்குத்தான் போக வேண்டும் என்கிறார்கள். அத்தானால் வேலையை விட்டு ஐந்து மாதம் அங்கே தங்க முடியாது. அக்கா மகளுக்கு இது பள்ளி இறுதி ஆண்டு. அக்கா என்னைப் பார்த்து, “நீயே முடிவு பண்ணு” என்று சொல்லிவிட்டு அமைதியாகிவிட்டார். அந்த அமைதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மருந்து ஒன்றுதான் என்றால், எந்த இடத்தில் ஏற்றிக்கொள்கிறோம் என்பது பிழைப்பதையும் பிழைக்காததையும் உண்மையிலேயே மாற்றுமா? இந்த வழியைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏழாண்டுகளுக்கு முன் துணைக்கு இருந்தவள்

தம்பி, என் கணவருக்கு 58 வயதில் வந்தது. ஏழாண்டுகள் ஆகின்றன, நலமாக இருக்கிறார். நான் மருத்துவர் இல்லை. ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் கேள்வியோடு எட்டு மாதம் உறங்கி எழுந்தவள். அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

“மருந்து ஒன்றுதான்” என்பது உண்மை. ஆனால் அந்த மருந்து தேவைப்படும் நோய்தானா என்பதை யார் சொன்னார்கள் என்று முதலில் பாருங்கள். எங்கள் கதை அங்கேதான் சறுக்கியது. முதலில் பார்த்த இடத்தில் மெல்லிய ஊசியால் குத்திக் கொஞ்சம் செல்களை மட்டும் எடுத்தார்கள். “தொற்றால் வந்த வீக்கம்” என்று அறிக்கை வந்தது. இரண்டு மாதம் போயிற்று. லிம்ஃபோமாவில் செல் எப்படி இருக்கிறது என்பதோடு, கணுவுக்குள் அந்தச் செல்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டுமாம். மெல்லிய ஊசியில் அந்த அடுக்கு தெரியாது. அதனால்தான் கணுவை முழுதாக எடுப்பது நல்லது என்கிறார்கள். உங்கள் அக்காவுக்கு அப்படியே செய்திருக்கிறார்கள். அது பெரிய காரியம். அந்த மருத்துவமனையை அதற்காகவே நான் மதிப்பேன்.

எங்களுக்குக் கணுவை எடுத்த பிறகும் குழப்பம் தீரவில்லை. ‘ஃபாலிகுலர் லிம்ஃபோமா’ என்று வந்தது. அது மெல்ல நகரும் வகை. தொந்தரவு இல்லாவிட்டால் சிகிச்சை கொடுக்காமல் கவனித்துக்கொண்டே இருப்பதும் உண்டு. எங்களையும் மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள். என் மனம் ஒப்பவில்லை. மனிதர் வாரத்துக்கு வாரம் இளைத்துக்கொண்டிருந்தார். ஸ்லைடுகளையும் மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கையும் கேட்டு வாங்கி, ஒரு பெரிய மையத்தின் நோய்க்குறியியல் துறைக்கு அனுப்பினேன். ஒரு பகுதி ஃபாலிகுலர், இன்னொரு பகுதி ஏற்கெனவே வேகமாக வளரும் பெரிய செல் வகையாக மாறிவிட்டது என்று அவர்கள் கண்டுபிடித்தார்கள். அதே மெழுகுத் துண்டுதான். அதைப் பார்த்த கண்தான் வேறு.

இது எங்களுக்கு மட்டும் நடந்தது என்றுதான் நினைத்தேன். பிரான்ஸில் லிம்ஃபோபாத் என்று ஒரு வலையமைப்பு இருக்கிறது. லிம்ஃபோமா என்றோ, அப்படி இருக்கலாம் என்றோ சொல்லப்படும் மாதிரிகளை அந்த நோயிலேயே பழகிய நிபுணர்கள் இரண்டாம் முறை பார்ப்பார்கள். 42,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளை அப்படிப் பார்த்து 2017-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் முதல் அறிக்கை மாறியது. அவற்றில் பெரும்பாலானவை சிகிச்சையையே பாதிக்கக்கூடிய மாற்றங்கள். முதலில் பார்த்தவர்கள் அக்கறையற்றவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. லிம்ஃபோமாவில் எண்பதுக்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. எல்லா உறுப்புகளின் மாதிரிகளையும் பார்க்கும் ஒருவர், இவற்றில் சிலவற்றை வாழ்நாளில் இரண்டு மூன்று முறைதான் சந்தித்திருப்பார்.

ஆகவே தம்பி, அக்காவை அனுப்புவதற்கு முன் பிளாக்கை அனுப்புங்கள். நாளைக்கே. அதற்குப் பதினாறு நாள் காத்திருக்கத் தேவையில்லை. ‘ஃபிஷ்’ சோதனை செய்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். மைக், பிசிஎல்2, பிசிஎல்6 ஆகிய மரபணுக்களில் இடமாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மைக், பிசிஎல்2 இரண்டும் சேர்ந்து இடம் மாறியிருந்தால் வழக்கமான ஆர்-சாப் போதாமல் போகலாம். பல மருத்துவர்கள் இன்னும் தீவிரமான கூட்டுக்கு மாற்றுவார்கள். சாதாரண நுண்ணோக்கியில் அது தெரியாது.

இனி அடுத்த பக்கம். சரியான பெயர் கிடைத்த பிறகு ஆறு சுற்றையும் நாங்கள் வீட்டருகில்தான் ஏற்றிக்கொண்டோம். பெரிய மையத்தின் மருத்துவர் திட்டத்தை எழுதிக் கொடுத்தார்; உள்ளூர் மருத்துவர் நிறைவேற்றினார். இருவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள். ஐந்தாம் சுற்றின் பத்தாவது நாள், இரவு ஒன்றரை மணிக்கு அவருக்கு உடம்பு நடுங்கியது. வெப்பமானியில் 38.6. நாங்கள் மருத்துவமனைக்குள் நுழைந்து அரைமணிக்குள் ஆன்டிபயாடிக் ஏறிவிட்டது. வெள்ளணுக்கள் அன்று அடிமட்டத்தில் இருந்தன. அந்த இரவை நினைக்கும்போதெல்லாம் ஆறு மணி நேரப் பயணத்தையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.

இன்னொரு தடவையும் பெரிய மையம் எங்களுக்குத் தேவைப்பட்டது. ஆறு சுற்று முடிந்து எடுத்த பெட் ஸ்கேனில் வயிற்றில் ஓரிடம் ஒளிர்ந்தது. எவ்வளவு ஒளிர்கிறது என்பதற்கு டோவில் அளவுகோல் என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் கொடுப்பார்கள், ஐந்துதான் மோசம். எங்களுக்கு நான்கு. நோய் மிச்சமிருக்கிறது, அடுத்த கட்ட மருந்து, பிறகு ஸ்டெம் செல் மாற்று என்று பேச்சு தொடங்கிவிட்டது. பெரிய மையத்தின் மருத்துவர், “முதலில் அந்த இடத்திலிருந்து மீண்டும் ஒரு துண்டு எடுத்துப் பாருங்கள்” என்றார். செத்த திசுவும் அழற்சியும் மட்டுமே இருந்தன. ஆறு மாதம் கழித்து அந்த ஒளியும் போய்விட்டது.

எங்களுக்கு எட்டு மாதத்தில் பெரிய இடம் தேவைப்பட்டது மூன்றே நாள். மற்ற எல்லா நாளும் அருகில் இருந்த இடம்தான் காப்பாற்றியது.

பகல்நேர கீமோ வார்டுச் செவிலியர்

பதினோரு ஆண்டுகளாகக் கீமோ ஏற்றும் வார்டில் வேலை செய்கிறேன். சிறிய இடம், பெரிய இடம் இரண்டிலும். மேலே அம்மா எழுதியதோடு உடன்படுகிறேன். ஆனால் “அருகில்” என்பது மட்டும் போதாது. அந்த அருகிலுள்ள இடம் எப்படிப்பட்டது என்பதை நீங்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

முதலில் இதைக் கேளுங்கள்: இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தால் எந்த எண்ணை அழைப்பது, யார் எடுப்பார்கள், அவசரப் பிரிவில் இருப்பவருக்குக் கீமோ நோயாளியின் காய்ச்சல் என்றால் என்னவென்று தெரியுமா? 38.3 ஒரு முறை காட்டினாலோ, 38 ஒரு மணி நேரம் நீடித்தாலோ, காத்திருக்கும் வரிசையில் உட்கார வைக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் ஒரு பெரியவரை மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். அவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டியதாயிற்று. கட்டடம் பெரியதுதான், வாசலில் இருந்தவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஆர்-சாப் கூட்டில் ஒரு மருந்தான ரிட்டுக்ஸிமாப்பை முதல் முறை ஏற்றும் நாளில் முழுநாளும் ஆகும் என்று எதிர்பாருங்கள். மிக மெதுவாகத் தொடங்கி, அரைமணிக்கொரு முறை நாடி, ரத்த அழுத்தம், வெப்பநிலை பார்த்து வேகத்தைக் கூட்டுவோம். குளிர் நடுக்கம், மூச்சுத் திணறல் வரலாம். அருகில் ஆள் இல்லாமல் அவசரமாக ஏற்றும் இடமென்றால் எனக்கு அச்சம். மருந்தை யார் கலக்கிறார்கள், பாதுகாப்புக் கூண்டுக்குள் கலக்கிறார்களா என்று கேளுங்கள். அதே கூட்டிலுள்ள வின்கிரிஸ்டினைச் சிறிய திரவப் பையில் கொடுக்கிறார்களா, சிரிஞ்சிலா என்றும் கேளுங்கள். அது ரத்தக்குழாய் வழியாக மட்டுமே போக வேண்டிய மருந்து. தவறி முதுகுத்தண்டுக்குள் போனால் உயிரைப் பறிக்கும். உலக சுகாதார நிறுவனம் 2007-இலேயே பையில் கொடுக்கச் சொல்லி எச்சரித்தது. இதைக் கேட்டதும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் இடம் நல்ல இடம்.

தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி சோதனை கட்டாயம் வேண்டும். எப்போதோ வந்து அடங்கிய கிருமிகூட ரிட்டுக்ஸிமாப்பால் மீண்டும் எழுந்து கல்லீரலைத் தாக்கும்; தெரிந்திருந்தால் மாத்திரையால் தடுத்துவிடலாம். கூட்டிலுள்ள இன்னொரு மருந்தான டாக்ஸோரூபிசின் இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க வேண்டும். முதல் சுற்றில் கட்டி வேகமாகக் கரையும்போது யூரிக் அமிலம் ஏறிச் சிறுநீரகம் பழுதாகலாம். அதற்கு முன்கூட்டியே மாத்திரையும் திரவமும் கொடுத்து, ரத்தப் பரிசோதனை செய்வார்கள்.

தேதியைத் தள்ளிப்போடும் இடமாக இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மருத்துவர் ஊரில் இல்லை, மருந்து வந்து சேரவில்லை என்று 21 நாள் 28, 30 ஆவதைப் பார்த்திருக்கிறேன். குணப்படுத்தக்கூடிய நோயில் அந்த நாள்களுக்கு விலை உண்டு. வெள்ளணு குறைந்ததால் தள்ளிப்போனால் அது வேறு; அதற்கும் ஊசி இருக்கிறது.

பதிவேடுகளோடு வேலை செய்பவர்

புற்றுநோய்ப் பதிவேடுகளில் தரவு தொகுப்பவன் நான். எண்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் தேசியப் புற்றுநோய்த் தரவுத்தளம் என்று ஒன்று உண்டு. அந்நாட்டில் புதிதாகக் கண்டறியப்படும் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 சதவீதம் அதில் பதிவாகிறது. அதை வைத்துச் செய்த ஆய்வுகளில், பல்கலைக்கழக மையங்களிலும் அதிக எண்ணிக்கையில் லிம்ஃபோமா நோயாளிகளைப் பார்க்கும் இடங்களிலும் சிகிச்சை பெற்றவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகத் திரும்பத் திரும்பத் தெரிகிறது. உங்கள் உறவினர்கள் சொல்வதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை.

ஆனால் அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் யார் என்று பாருங்கள். பயணம் செய்யும் உடல் வலு உள்ளவர்கள், காப்பீடு உள்ளவர்கள், துணைக்கு ஆள் உள்ளவர்கள். மிகவும் மோசமான நிலையில் இருப்பவர் எந்த மருத்துவமனை வாசல் முதலில் வருகிறதோ அங்கேயே சேர்ந்துவிடுவார். உங்கள் அக்காவுக்கு வந்திருக்கும் இதே வகையில், அமெரிக்க, பிரெஞ்சு நோயாளிகளை வைத்து 2018-இல் ஓர் ஆய்வு வெளியானது. கண்டறிந்ததும் விரைவில் சிகிச்சை தொடங்கியவர்களுக்கே முடிவு மோசமாக இருந்தது. விரைவு கெடுதல் செய்ததால் அல்ல. காத்திருக்க முடியாத அளவு நோய் முற்றியவர்களுக்குத்தான் விரைந்து தொடங்கினார்கள். அவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் காத்திருந்து பெரிய மையத்துக்குப் போகிறவர்கள் அல்லர். ஆகவே மையத்தின் பெயரில் தெரியும் வேறுபாட்டில் ஒரு பகுதி, அங்கே போனவர்களின் வேறுபாடு. எவ்வளவு பகுதி என்று பிரித்தெடுப்பது கடினம். வயது, கட்டம், வருமானம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்த பிறகும் கொஞ்சம் மிஞ்சத்தான் செய்கிறது.

அந்த மிச்சமும் எல்லா வகைக்கும் ஒன்று அல்ல. மூளையில் வரும் லிம்ஃபோமாவுக்கு மெத்தோட்ரெக்ஸேட்டை உயர்ந்த அளவில் கொடுத்து, ரத்தத்தில் அதன் அளவை நாள்தோறும் பார்த்து, அதன் நச்சை முறிக்கும் மருந்தும் கொடுக்க வேண்டும். பழகாத இடத்தில் அதைச் செய்யக் கூடாது. பர்கிட் வகை ஓரிரு நாளில் இரட்டிப்பாகக்கூடியது. டி செல் வகைகள் அரிதானவை. இவை மூன்றிலும் நான் தயங்காமல் பெரிய மையம் என்பேன். உங்கள் அக்காவின் வகை இவற்றைவிடப் பரவலாகக் காணப்படுவது. ஆர்-சாப் கொடுப்பதில் இருபதாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் உலகெங்கும் இருக்கிறது. அதில் பத்தில் ஆறு பேர் அளவுக்கு முதல் சிகிச்சையிலேயே குணமாகிறார்கள்.

மீதிப் பேருக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நோய் திரும்பினாலோ, முதல் மருந்துக்கு அசையாவிட்டாலோ, அன்றைக்கு எந்த மையத்தில் இருக்கிறீர்கள் என்பது நிச்சயமாக முடிவை மாற்றும். நோயாளியின் சொந்த வெள்ளணுக்களை எடுத்து, புற்றைத் தாக்கும்படி மாற்றித் திரும்ப ஏற்றும் கார்-டி செல் சிகிச்சை 2017-இல் முதன்முதலாக இந்த வகைக்கு அனுமதி பெற்றது. அது அதற்கெனப் பயிற்சியும் ஏற்பாடும் உள்ள இடங்களில்தான் கிடைக்கும். அந்த வாசல் எங்கே என்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 16 நாள் கழித்துக் கிடைத்திருக்கும் அந்தச் சந்திப்பை ரத்து செய்யாதீர்கள்.

அக்காவின் தம்பி

மூவருக்கும் நன்றி. இரவு முழுவதும் திரும்பத் திரும்பப் படித்தேன். அம்மா, பிளாக்கைக் கேட்டால் இங்குள்ள மருத்துவர் வருத்தப்படுவாரோ என்று தயங்குகிறேன். பரிசீலனை முடியும்வரை கீமோவை நிறுத்தி வைக்க வேண்டுமா?

ஏழாண்டுகளுக்கு முன் துணைக்கு இருந்தவள்

நானும் அதே தயக்கத்தில் நான்கு நாளை இழந்தேன். கேளுங்கள். நேர்மையான மருத்துவருக்கு இரண்டாவது கண் ஒரு துணை. நிறுத்தி வைப்பதா என்பதை அவரே சொல்ல வேண்டும். வியர்வையும் எடைக் குறைவும் இருக்கிறவருக்கு முதல் சுற்றைத் தொடங்கிவிட்டு, ஃபிஷ் முடிவைப் பார்த்து இரண்டாம் சுற்றில் மாற்றுவதும் உண்டு. ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: இன்னும் துண்டு எடுக்க வேண்டியிருக்கலாம் என்று யாராவது சொன்னால், அதற்கு முன் ஸ்டீராய்டு தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கட்டி சுருங்கி, அடுத்த மாதிரியில் ஒன்றும் தெரியாமல் போய்விடும்.

அக்காவின் தம்பி (பன்னிரண்டு நாள் கழித்து)

கேட்டேன். மருத்துவர் வருத்தப்படவில்லை. தானே ஒரு கடிதம் எழுதி, எட்டு ஸ்லைடுகளையும் பிளாக்கையும் அன்று மாலையே அனுப்பச் செய்தார். ஹெபடைடிஸ் பி இல்லை. எக்கோ நன்றாக இருக்கிறது. வின்கிரிஸ்டின் பையில்தான் கொடுக்கிறார்கள். அந்த வார்டுச் செவிலியர் நான் கேட்டதும் பையையே எடுத்துக் காட்டினார்.

மூன்றாம் நாள் முதல் சுற்றைத் தொடங்கினார்கள். ரிட்டுக்ஸிமாப் ஏறும்போது அக்காவுக்கு ஒரு முறை நடுங்கியது. நிறுத்தி, அரைமணி கழித்து மெதுவாக ஏற்றினார்கள். மாலை ஆறரை ஆயிற்று.

பெரிய மையத்திலிருந்து நேற்று பதில் வந்தது. அதே வகைதான் என்று உறுதி செய்துவிட்டார்கள். மரபணு இடமாற்றம் எதுவும் இல்லை. அடுத்த வாரச் சந்திப்புக்கு நானும் அத்தானும் ஸ்கேன் குறுந்தகட்டோடு போகிறோம். அக்கா காணொளியில் பேசினால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். இரவு அழைக்க வேண்டிய எண்ணை மகள் ஒரு தாளில் பெரிதாக எழுதி, வெப்பமானி வைத்திருக்கும் இழுப்பறைக்கு மேல் ஒட்டியிருக்கிறாள்.

நான்கு இரவுகளாக அக்கா தலையணை உறையை மாற்றவில்லை.